பாறையடித் தெருவில் ஒரு அடி அருவி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரண்டு வகையான போன்கள் வருகின்றன. ஒன்று, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரிக்கும் சொந்தக்காரர்களுடையது. மற்றது, நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது இருக்கும் இளம் பொறியாளர்களுடையது. முதல் வகைக்கு ஒரு பொய்யைச் சொல்லி உடனே முடித்துவிடலாம். இரண்டாவதை அப்படி முடிக்க முடியாது.

போன வாரம் பேசிய பெண், இனிமேல் எந்த ஊருக்கு மழைநீர் வடிகால் திட்டம் போட்டாலும் பாதி பச்சை, பாதி சாம்பல் என்று காட்ட வேண்டுமாம் என்றாள். சாம்பல் என்றால் கான்கிரீட் வாய்க்கால், குழாய், சிமெண்ட் மூடி. பச்சை என்றால் தண்ணீரை உறிஞ்சித் தேக்கிவைக்கிற புல், மரம், குட்டை, தோட்டம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லல்ல மேடம்?" என்று பரிதாபமாகக் கேட்டாள். எங்கள் காலத்தில் குட்டைகள் இருந்தன. அவற்றுக்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் உண்டு என்று தெரியாததால் மூடிவிட்டார்கள். தவிர, பச்சையும் சாம்பலும் கலந்து செஞ்சியில் நாங்கள் ஒரு திட்டமே போட்டிருக்கிறோம் என்றேன். அதைச் சொல்லுங்கள் என்றாள். போனில் சொன்னால் பாதி சிரிப்பிலேயே போய்விடும் என்று எழுத உட்கார்ந்தேன்.

நான் பொறியாளர் இல்லை, படம் வரைகிறவள். பொறியாளர்கள் கையை ஆட்டிப் பேசுவதைக் கோடுகளாக மாற்றுவது என் வேலை. ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு திட்ட ஆலோசனைக் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. இன்னும் வருடா வருடம் காலண்டர் அனுப்புகிறார்கள். ஆரம்பத்தில் சாய்வுப் பலகையில் மைப் பேனாவால் வரைந்தேன், தப்பாகப் போட்ட கோட்டை பிளேடால் சுரண்டினேன். பிறகு கணினி வந்தது. கணினியோடு நிறங்கள் வந்தன. மைப் பேனா காலத்தில் எல்லா வாய்க்காலும் கறுப்புதான். ஒரு வாய்க்காலை யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. நிறம் வந்த பிறகுதான் திட்டங்களைத் திரையில் காட்டிக் கைதட்டத் தொடங்கினார்கள்.

எங்கள் தலைமைப் பொறியாளரை எல்லோரும் சீஃப் என்போம். மெல்லிய குரல், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார், அது அவருடைய நாற்காலியாகவே இருந்தாலும். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு பச்சைப் பென்சிலும் இருக்கும். படத்தை விரித்ததும் அவர் பார்ப்பது கோடுகளை அல்ல, நிறங்களை. "பிலோமினா, இந்த மூலையில சாம்பல் ஜாஸ்தியா இருக்கே. கொஞ்சம் பச்சை போடும்மா" என்பார், சாம்பாரில் உப்புப் பார்க்கிறவர் மாதிரி. நான் அந்த மூலையில் நாலு மரம் போடுவேன். நிஜத்தில் அங்கே டிரான்ஸ்பார்மர் நிற்கும்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மழைநீர்த் திட்டத்துக்கு இடம் பார்க்கப் பங்குனியில்தான் போவார். "மழையில போனா தண்ணிதான் தெரியும், இடம் தெரியாது" என்பார். யாரும் மறுத்ததில்லை, நனைய யாருக்குத்தான் ஆசை? ஆகவே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தண்ணீரே இல்லாத மாதத்தில் கண்டுபிடிப்பதில் எங்கள் கம்பெனி நன்றாகத் தேர்ந்திருந்தது.

செஞ்சி வேலையும் ஒரு பங்குனியில்தான் தொடங்கியது. கோட்டையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள், ஊர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று திட்டம் கேட்டவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது பாறையடித் தெரு. மலையில் பெய்யும் மழை பாறையில் தங்காது. அப்படியே வழிந்து அந்தத் தெருவின் மேல்முனையில் இறங்கி, கீழ்முனைக்கு ஓடி வரும். கீழ்முனையைத் தாண்டினால் கோரைப்புல் மண்டிய ஒரு பள்ளம் இருக்கிறது. தண்ணீர் பாட்டுக்கு அதில் போய் விழுந்திருக்கும். ஆனால் குறுக்கே போகும் சாலையைப் புதிதாகப் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டார்கள். பள்ளத்துக்கு வழி இல்லாத தண்ணீர், கீழ்முனையில் இருக்கும் மாவு மில்லுக்குள் புகுந்துகொண்டிருந்தது.

மில்லை நடத்துகிறவள் பத்மாவதி. தொண்டூர்ச் சமணக் குடும்பத்துப் பெண், செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் பஸ் கண்டக்டர்; வீட்டைவிட ரூட்டில்தான் அதிகம் இருப்பார். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உட்படப் பாதி ஊருக்கு அவள் மில்லில்தான் அரவை. நாங்கள் போனபோது சீஃபை நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவர் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஐப்பசியில மோட்டாரு முழுகிப்போச்சு சார்" என்றாள். "எனக்கு அரவையே தீபாவளிக்குத்தான். மழையும் அப்பத்தான் வருது. அதுக்கு முந்தின வருசமும் இப்டித்தான். இன்னொரு வாட்டி முழுகுச்சுன்னா இது தேறாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அப்றம் மில்ல மூடிட்டு வூட்ல குந்த வேண்டியதுதான்."

"இனிமே உங்களுக்குக் கவலையே இல்லம்மா" என்றார் சீஃப். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

உயரம் அளக்க முதலில் அசையாத ஓர் இடம் வேண்டும். அங்கே ஒரு குறி போட்டு, இதன் உயரம் நூறு என்று வைத்துக்கொண்டு, தெருவின் ஒவ்வொரு இடமும் அதைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று கருவியால் பார்த்துக்கொண்டே போவார்கள். மொத்தத் திட்டமும் அந்தக் குறியை நம்பித்தான் நிற்கும். சீஃப் தெருவை மேலும் கீழும் பார்த்தார். மில் வாசலில் ஒரே கருங்கல்லால் ஆன படி ஒன்று கிடந்தது. செருப்பு நுனியால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைவிட அசையாத பொருள் இந்த ஊர்ல எங்க இருக்கு?" என்றார். அவருக்குப் பின்னால் மூன்று மலைகள் நின்றுகொண்டிருந்தன.

சர்வேயர் கல்லின் மேல் சிவப்பு பெயிண்டில் ஒரு முக்கோணம் போட்டார். "இந்தக் குறி ரொம்ப முக்கியம்மா. அழியவே கூடாது, உங்க பொறுப்பு" என்றார் சீஃப். பத்மாவதி பயபக்தியோடு தலையாட்டினாள்.

தெருவின் மேல்பாதியை, மேல்முனையிலிருந்து மில் வாசல் வரைக்கும், அளந்தார்கள். அதற்குள் வேறு ஊரில் அவசர வேலை வந்துவிட்டது. அந்தச் சர்வேயரும் துபாய்க்குப் போய்விட்டார். மில் வாசலிலிருந்து பள்ளம் வரையிலான கீழ்பாதியை ஆடி மாதம் வேறொருவர் அளந்தார். அதே கல், அதே குறி. பழைய அளவுகளில் ஒன்றிரண்டைத் திரும்பப் பார்த்துவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, "ஏன், முன்ன பாத்தவன் மேல சந்தேகமா?" என்றார் சீஃப். எங்கள் அலுவலகத்தில் சரிபார்ப்பது என்றால் ஒருவரை அவமானப்படுத்துவது என்று அர்த்தம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு பாதிகளையும் கணினியில் சேர்த்து வரைந்தேன். தெரு மேல்முனையிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்து, மில் வாசலில் திடீரென்று ஒரு அடி விழுந்து, பிறகு மறுபடி ஒழுங்காக இறங்கியது. அந்த வாசலில் நான் நின்றிருக்கிறேன். அங்கே கால் தடுக்கக்கூட ஒன்றும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், மில் வாசல்ல ஒரு அடி பள்ளம் காட்டுது. அங்க அப்படி எதுவும் இல்ல சார். யாரையாவது ஒருதரம் போய்ப் பாக்கச் சொல்லலாமா?"

வெளியே தூறிக்கொண்டிருந்தது. சீஃப் ஜன்னலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "கருவி பொய் சொல்லாதும்மா. நம்ம கண்ணுதான் சொல்லும்" என்றார். பிறகு பச்சைப் பென்சிலை எடுத்தார். "இதைக் குறையா ஏன் பாக்கிற? இயற்கையே நமக்கு ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கு. இங்க ஒரு படி அருவி வெச்சிடலாம்."

வைத்தோம். மேல்பாதி சாம்பல் வாய்க்கால், மில் வாசலில் ஒரு அடி அருவி, கீழ்பாதியில் மூடி போட்டுச் சாலைக்கு அடியில் புகுந்து போகும் வாய்க்கால், கடைசியில் பள்ளத்தில் ஒரு மழைத் தோட்டம். பள்ளத்தில் ஏற்கெனவே இருந்த கோரையைப் பிடுங்கிவிட்டு வேறு புல் நடுவது என்று முடிவானது. கோரை யாரும் நடாமல் தானாக வளர்ந்தது, ஆகவே அதைத் திட்டத்தில் காட்ட வழியில்லை. அருவிக்கு மட்டும் தனியாக ஒரு வண்ணப்படம் போடச் சொன்னார் சீஃப். இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் பலூனோடு அருவியைப் பார்த்து நிற்கும்படி செய்தேன். கணினியில் கிடைத்த குழந்தைகள் அவைதான். கூட்டத்தில் அந்தப் படம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செஞ்சித் தெருவில் அருவி என்று ஒருவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த நிமிடமே திட்டம் தேறிவிட்டது.

ஒரு வருடம் கையெழுத்துகளில் போயிற்று. நல்லவேளை, அந்த ஐப்பசியில் மழை பெரிதாக இல்லை. அடுத்த ஆனியில் கட்டத் தொடங்கினார்கள். ஒப்பந்ததாரர் மில் வாசல் குறியிலிருந்து அளந்து, படத்தில் இருந்த உயரத்துக்கு அப்படியே கட்டினார்.

புரட்டாசியில் செஞ்சிப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போனவள், கேழ்வரகு அரைக்கப் பத்மாவதியின் மில்லுக்குப் போனேன். மேல்முனையிலிருந்து மில் வரைக்கும், வீடுகளுக்கு முன்னால் ஒரு சுவர் ஓடியது. வாய்க்காலின் விளிம்பு தெருவைவிட ஒரு அடி மேலே இருந்தது. தெருத் தண்ணீர் அதற்குள் விழ வேண்டுமானால் எகிறிக் குதிக்க வேண்டும்.

"இன்னா யக்கா இது?" என்றாள் பத்மாவதி. "வாய்க்கா கட்டறோம்னு சொல்லி காம்பவுண்டு கட்டிட்டுப் போயிருக்காங்க. எதிர்வூட்டுக்காரங்க வாசலுக்கு ஏணி கேக்கறாங்க."

நான் உள்ளே போகக் காலைத் தூக்கினேன். படி உயரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அதே கருங்கல், அதே முக்கோணம், கீழே புதிதாகப் பூசிய கட்டுமானம்.

"பத்மா, இந்தப் படிய எப்ப ஒசத்தின?"

"அதுவா? நீங்க மொதல்ல அளந்துட்டுப் போனீங்கள்ல, அதுக்கப்புறம் வைகாசியில. தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு கல்லத் தூக்கிட்டு, கீழ ஒரு அடி கட்டி, மறுபடி மேல வெச்சிட்டோம். ஆனா சார் சொன்னத நான் மறக்கல யக்கா. குறி மேல ஒரு சொட்டு சிமெண்டு வுழ வுடல. பெயிண்டு மங்கிச்சு, நானே ஒரு வாட்டி பூசுனேன்."

மங்காமல் இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேல்பாதியை அளந்தபோது கல் தரையோடு இருந்தது. கீழ்பாதியை அளந்தபோது ஒரு அடி ஏறியிருந்தது. ஒரு அடி மேலே போய் நின்று பார்த்தால் தரை ஒரு அடி கீழே தெரியாமல் என்ன செய்யும்? அந்த ஒரு அடிதான் சீஃபின் அருவி. பிறகு ஒப்பந்ததாரர் ஏறிய கல்லிலிருந்து அளந்து கட்டியதால் மேல்பாதி வாய்க்காலும் ஒரு அடி ஏறிவிட்டது; ஏறிய கல்லிலிருந்தே அளந்த கீழ்பாதி மட்டும் சரியாக இருந்தது. இவள் தன் மில்லைக் காப்பாற்றக் கல்லைத் தூக்கினாள், சொன்ன சொல் தவறாமல் குறியையும் காப்பாற்றினாள். அதன் பலனாக வாய்க்காலுக்குள் போகாத தண்ணீர் மொத்தமும் இவள் வாசலுக்குத்தான் வரப்போகிறது. உயர்த்திய படி சின்ன மழைக்குத் தாங்கும், ஐப்பசி மழைக்குத் தாங்காது.

அங்கேயே நின்று சீஃபுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கல்லு மாறிச்சா?" என்றார்.

"இல்ல சார், அதே கல்லு."

"குறி அழிஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"படத்துல இருக்கிற மாதிரிதானே கட்டியிருக்கான்?"

"ஆமா சார்."

"அப்புறம் என்னம்மா?" என்று வைத்துவிட்டார்.

பத்மாவதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மோட்டாரு தப்பிக்குமா யக்கா?" என்றாள். மழை வருவது தெரிந்தால் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். மழையை நான் வந்து என்ன செய்யப்போகிறேன் என்று அவளும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அவள் போன் பண்ணினாள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மில்லில் டின்களும் பெண்களுமாக நெருக்கம். பிற்பகலில் மலை மேல் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தெரு நிறையத் தண்ணீர் ஓடியது. வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த இலைகள்கூட நனையாமல் கிடந்தன. தண்ணீர் அதன் சுவரை உரசிக்கொண்டு மில் படிக்கு வந்து, கல்லைத் தொட்டது. பெண்கள் டின்களைத் தலைக்குத் தூக்கினார்கள். பத்மாவதி மோட்டாரை நிறுத்திவிட்டு மூலையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க யக்கா இடிக்கணும்?"

தெரு மட்டத்தைக் கையால் காட்டினேன். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். எங்கள் கம்பெனி கட்டவைத்த சுவரை எங்கள் கம்பெனி கொடுத்த குடைக்கு அடியில் நின்று அவள் இடித்தாள். படத்தில் நான் கம்பி போட்ட கான்கிரீட் என்று காட்டியிருந்தேன். ஒப்பந்ததாரர் செங்கல்லை அடுக்கி மேலே பூசியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஒப்பந்ததாரரை மனதார வாழ்த்தினேன். செங்கல் பெயர்ந்து ஓட்டை விழுந்ததும் தண்ணீர் வாய்க்காலுக்குள் பாய்ந்தது. பிறகு எதிர்வீட்டுக்காரர் ஒன்று இடித்தார், மேலே இன்னும் சிலர் இடித்தார்கள். தெரு வடிந்தது. மேல்பாதித் தண்ணீர் மில் வாசலில் ஒரு அடி குதித்துக் கீழ்பாதிக்குள் இறங்கிப் பள்ளத்துக்குப் போயிற்று. உண்மையைச் சொன்னால் அருவி அழகாகத்தான் இருந்தது. பத்மாவதி உள்ளே போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமையே ஒப்பந்ததாரர் சீஃப் முன்னால் நின்றார். பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய பெண் மேல் புகார் கொடுக்க வேண்டும், ஓட்டைகளை உடனே பூசி அடைக்க வேண்டும் என்றார். யாராவது வந்து உள்ளே இருக்கும் செங்கல்லைப் பார்த்துவிடுவார்கள் என்பதுதான் அவர் அவசரம். சீஃப் அடைக்கச் சொல்லிவிடுவார் போலிருந்தது. ஓட்டை இருந்தால் தப்பு நடந்தது தெரியும். கார்த்திகை மழை வரவேண்டியிருந்தது. அடைத்தால் மோட்டார் போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் ஓட்டை அடைபட்டிருக்கும். என் இடத்துக்குப் போய்ப் படத்தைத் திறந்தேன். ஓட்டைகள் இருந்த இடங்களிலெல்லாம் ஓட்டை போட்டேன். ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சை அடித்தேன், பக்கத்தில் ஒரு செடி வைத்தேன். அச்செடுத்துச் சீஃபின் மேசையில் விரித்தேன்.

அவர் வழக்கம்போல் நிறத்தைப் பார்த்தார். "இது என்ன புதுசா?"

"பசுமை நுழைவாய் சார்."

"அந்தம்மா கடப்பாரையால இடிச்சது இல்ல?"

"மக்கள் பங்கேற்பு சார்."

சீஃப் முட்டாள் இல்லை. நான் செய்வது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "ஏன் எல்லாம் கோணல்மாணலா இருக்கு?" என்றார்.

"இயற்கை வடிவம் சார்."

அவர் பச்சைப் பென்சிலை எடுத்து, ஒரு செடியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார். கையெழுத்துப் போட்டார். ஓட்டைகளின் ஓரத்தைப் பூசிச் செங்கல்லை மறைத்துக்கொள்ளலாம் என்றதும் ஒப்பந்ததாரருக்கும் பசுமையில் நம்பிக்கை வந்துவிட்டது. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. அந்த மூன்று நாளும் மில் ஓடியது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், மாசியில், வேறொரு ஊரிலிருந்து இந்தத் திட்டத்தைப் பார்க்க ஒரு குழு வந்தது. மழை இல்லாத மாதம் என்பதால் சீஃபும் வந்திருந்தார். செடிகளை ஆடுகள் எப்போதோ தின்று தீர்த்திருந்தன. குழுவில் ஒருவர் குனிந்து, ஓர் ஓட்டையின் கோணலைக் கவனமாக அளவெடுத்தார். அவர்கள் ஊரிலும் இதே வடிவத்தில் போடப்போகிறார்களாம். சீஃப் மில் வாசலில் நின்று, அருவி எப்படி உருவானது என்று தன் மெல்லிய குரலில் விளக்கினார். பிறகு பத்மாவதியைக் கூப்பிட்டார். அவள் மாவு படிந்த கையோடு வந்து தன் படியின் மேல் நின்றாள்.

"இவங்கதான் நம்ம பயனாளி" என்றார் சீஃப். "சொல்லுங்கம்மா, இந்தத் திட்டத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஓட்டதான் சார்" என்றாள். "மத்ததெல்லாம் நீங்க கட்டுனது."

குழு கைதட்டியது. உள்ளே யாரோ அரவைக்கு அவசரப்படுத்த, பத்மாவதி போய் மோட்டாரைப் போட்டாள். அதற்குப் பிறகு சீஃப் நெடுநேரம் பேசினார்; யார் காதிலும் விழவில்லை.